அரைச் செம்புக் கழனித்தண்ணி

தம்பிகளே, உங்கள் சர்வீஸ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்க இன்னும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தப் போவதில்லை. ரிட்டயர் ஆன பிறகு காலை நேரத்தில் என் போன் சத்தம் போடுவது அந்த ஒன்றுக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த வீட்டில் எழுந்து, பாலைக் காய்ச்சி, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து, இன்றைக்கு யார் வீட்டு வாஷிங் மெஷின் ஆடுகிறது, யார் வீட்டு ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஒன்று விடாமல் படிப்பேன். என் மனைவி இருந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பேப்பரை நிறுத்திவிட்டேன். படித்து யாரிடம் சொல்வது?

நேற்று ஒரு கம்ப்ளைன்ட் போட்டிருந்தார்கள். ராஜபாளையம், டிஷ்வாஷர், தண்ணீர் வடியவில்லை. போட்ட சூட்டோடு உங்கள் பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன. "பம்பு போச்சு." "பம்பை மாத்திரு." ஒரு மகராசன் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டியிருந்தான். அட பாவிகளா, ஆளைப் பார்க்காமலே பிரேதப் பரிசோதனையா? எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப் போய்விட்டது.

பம்பை எப்படிக் கழற்றுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட வேகமாக வரும். வேலையில் என் கடைசி வருஷத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் ராஜபாளையம்தான், அதுவும் தண்ணீர் வடியாத டிஷ்வாஷர்தான்.

வீட்டுக்காரர் போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் ஏட்டையா. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள், பெங்களூரில் வேலை. ஏட்டையாவுக்கு உள்ளங்கை முழுக்கத் தோல் வெடிப்பு, சோப்புத் தண்ணீர் பட்டால் ரத்தம் கசியும். பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த அம்மாவும் மில் வேலைக்குப் போய்விட்டார். அதனால் மகள் மெஷினை வாங்கி இறக்கினாள். அது கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டு வடிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. நம் ஆட்கள் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் பம்பை மாற்றிவிட்டு வந்தார்கள். மறுபடியும் அதே கதை. ஒரு நாள் தண்ணீர் வழிந்து அடுப்படித் தரையில் பரவ, ஏட்டையா வழுக்கி விழுந்துவிட்டார்.

நான் கிளம்பும் முன்னால் அந்த மகளே எனக்குப் போன் பண்ணினாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அண்ணே, இதான் கடைசி. இந்தத் தடவையும் சரியாகலன்னா வீட்டைப் பூட்டிட்டு அப்பாவைக் கோயம்புத்தூர்ல ஒரு ஹோம்ல சேர்க்கப் போறேன். எடம் சொல்லி வச்சாச்சு. விழுந்து கெடந்தா யாருண்ணே பாக்குறது? தனியா இருக்க முடியாதுன்னா முடியாதுதான்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மனுஷன் தன் சொந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது என் ஸ்பேனர் முனையில் வந்து நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. பைக்கில் போகும்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற காலேஜ் பஸ்கள் எதிரே வந்தன. பிள்ளைகள் ஜன்னலில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஏட்டையா கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முறுக்கின மீசை. என்னை ஏதோ கேசில் கூட்டி வந்தவனைப் போல மேலும் கீழும் பார்த்தார்.

"பம்பு மாத்த வந்தீகளா?"

"மொதல்ல பாக்கேன் ஏட்டையா."

"இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரும் பாக்கல. வந்தான், மாத்துனான், போயிட்டான்."

சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. மற்றவை சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மெஷினைத் திறந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு சின்னக் குக்கர். ஒரு பட்டாளத்துக்கே போட்டுக் கழுவுகிற பெட்டிக்குள் அவை மூலைக்கு ஒன்றாக நின்றன. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக் கழுவு தொட்டியிலும் அதே சாமான்தான் தினமும் கிடக்கிறது.

அடியில் தேங்கின தண்ணீரை மொண்டு எடுத்தேன். பம்பின் வாயில் விரலை விட்டால் சோற்றுப் பருக்கை வந்தது. நசுங்காத முழுப் பருக்கை. கறிவேப்பிலை, முருங்கைக்காய் நார். மேலே ஃபில்டர் ஒழுங்காக மாட்டியிருந்தது, பளபளவென்று. சல்லடை இருக்கும்போது சோறு எப்படிக் கீழே இறங்கும்? முன்னால் போன நம் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். ஃபில்டர் சரி, ஹோஸ் சரி, பம்பு அடைப்பு, மாற்று என்று போனார்கள். எல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

தண்ணீர் வெளியே போகும் ஹோஸின் முனையைப் பார்த்தேன். கழுவு தொட்டிக் குழாயில் மாட்டியிருந்த கிளாம்பின் ஸ்குரூ, அடிக்கடி திருகித் திருகித் தேய்ந்து மின்னியது. ஜன்னல் கட்டையில் ரப்பர் உரசின கறுப்புத் தடம். எட்டிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே கொல்லையில் ஓர் அலுமினியப் பானை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் பண்ணினாள். ஏட்டையா ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தார்.

"அண்ணே, ஒளிக்காமச் சொல்லுங்க. மெஷின் கோளாறா, அப்பா கோளாறா?"

ஏட்டையா விட்டத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்த்தைக்கு மெஷினும் சாட்சி சொல்லும். தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். தெரிந்ததை உடனே சொல்லிவிட நாக்கு துடிக்கும். நம் தொழிலில் அதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். என்ன உடைந்தது என்று தெரிந்தால் பாதிதான். எதற்காக என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

"கையை உள்ள விட்டுருக்கேம்மா. சாயங்காலம் சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டேன்.

போன் கட்டானதும் பானையைக் காட்டிக் கேட்டேன். "ஏட்டையா, ஆளு வர்ற சத்தம் கேட்டதும் எல்லாத்தையும் பழையபடி மாட்டி வச்சிருவீகளோ?"

"என்னத்தை?"

"ஃபில்டரை, ஹோஸை."

முறைத்தார். நானும் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன். எத்தனை பேரை எதிரே நிறுத்தி வைத்துப் பேச வைத்த மனுஷன், ஒரு மெக்கானிக் சும்மா நிற்பதைத் தாங்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல சோப்பு போடாம ஒரு ஓட்டு ஓட்டுவேன், தம்பி. அது மாட்டுக்கு. பொறவு சோப்பு போட்டு ஒரு ஓட்டு. அது எனக்கு," என்றார்.

விஷயம் இதுதான். ராஜபாளையத்துக்கு அடுத்த செட்டியார்பட்டியில் பேச்சிமுத்து என்று ஒருவர். ஏட்டையா வயசுதான் இருக்கும். மாடு வைத்திருப்பவர். மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வந்து வீடு வீடாக மாட்டுக்குக் கழனித்தண்ணி எடுப்பவர். ஏட்டையாவின் மனைவி இருந்த காலத்திலிருந்து தினமும் காலையில் கொல்லைக் கதவில் வந்து நின்று "அம்மா, கழனி" என்பாராம். அந்தம்மா போன பிறகு அது "ஏட்டையா, கழனி" ஆனது. மெஷின் வந்ததும் கழுவின தண்ணீரெல்லாம் சோப்போடு சாக்கடைக்குப் போய்விட்டது. பானை காய்ந்தது. "சரி ஏட்டையா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போன பேச்சிமுத்து அப்புறம் வரவே இல்லை.

"ஒரு நாளைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுறது அவன் ஒருத்தன்தான். அவனும் வரலன்னா நான் யாருட்ட வாயைத் தொறப்பேன்? மக போன்ல சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேக்கும். ரெண்டுக்கும் ஆமான்னு ஒரே பதிலு," என்றார்.

அதனால் யோசித்து இந்த வேலையைச் செய்திருக்கிறார். மாட்டுக்குப் பருக்கை போகவேண்டும் என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஹோஸைப் பிடுங்கி, அதோடு ஒரு தோட்டத்துக் குழாய்த் துண்டைச் சைக்கிள் டியூபால் கட்டி, ஜன்னல் மேல் ஏற்றிப் பானையில் இறக்கியிருக்கிறார். பாவம், அந்தச் சின்னப் பம்பு சோற்றையும் விழுங்கிக்கொண்டு அம்புட்டு உயரம் தூக்குமா? முக்கி முனகிப் பாதியைத் தூக்கியது, மீதி திரும்ப உள்ளேயே இறங்கியது. ஆனால் பானை நிறைந்தது. சொல்லியனுப்பியதும் பேச்சிமுத்து திரும்ப வந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே என்னவோ போலவும் இருந்தது. "ஏட்டையா, அரிசி களைஞ்ச தண்ணி, வடிச்ச கஞ்சி, இதானே கழனி? சோப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. கை நனையாம அதை ஊத்தி வைக்கலாமே. மெஷின் தண்ணி எதுக்கு?"

"ஒரு ஆளுக்கு வடிக்கிற கஞ்சி எம்புட்டு இருக்கும், தம்பி? அரைச் செம்பு. அரைச் செம்புக்கு ஒருத்தன் செட்டியார்பட்டியில இருந்து வருவானா?"

பம்பைச் சுத்தம் பண்ணி, ஃபில்டரை மாட்டி, ஹோஸைத் தொட்டிக் குழாயில் இறுக்கினேன். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். சொட்டு நிற்காமல் வடிந்தது. மெஷின் கேஸ் அதோடு முடிந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மறுநாளே அந்த ஹோஸ் மறுபடியும் ஜன்னல் ஏறும். கிழவர் மறுபடியும் விழுவார். "செத்த நேரத்துல வாரேன் ஏட்டையா" என்று சொல்லிவிட்டு வண்டியைச் செட்டியார்பட்டிக்கு விட்டேன்.

விசாரித்துப் போனால் பேச்சிமுத்து வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வெறுமனே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையா வீட்டில் மெஷின் பார்க்க வந்தவன் என்றதும் பதறி எழுந்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி? மறுபடி விழுந்துட்டாவளா?"

"இல்ல, நல்லாருக்காக. இனிமே மெஷின் தண்ணி கெடைக்காது, கஞ்சித் தண்ணி அரைச் செம்புதான் இருக்கும். அதுக்கு வருவீகளான்னு கேக்க வந்தேன்."

கேட்டுக்கொண்டே பக்கத்திலிருந்த மாட்டுக் கொட்டகையைப் பார்த்தேன். உள்ளே மொபெட் நின்றது. கட்டுத்தறியில் கயிறு கட்டி வேட்டி காயப் போட்டிருந்தது. சாணி இல்லை, வைக்கோல் இல்லை, ஓர் ஈ கூட இல்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"வித்தாச்சு அண்ணாச்சி. இடுப்பு வலி, குனிஞ்சு பாலைக் கறக்க முடியல. மகனுக திருப்பூருக்குப் போயிட்டானுவ. ஏட்டையா வீட்டம்மா சாவுறதுக்கு முன்னாலயே மாட்டைக் குடுத்துட்டேன்."

"அப்ப இம்புட்டு நாளும் எடுத்த கழனி?"

"வர்ற வழியில ஒரு வேப்பமரம் நிக்கி. அது அடிமூட்டுல ஊத்திட்டு வந்துருவேன். மரம் நல்லாத் தழைஞ்சுட்டு, பாருங்க போகும்போது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மத்த வீட்டையெல்லாம் விட்டுட்டேன். அந்த ஒரு வீட்டை விட மனசு வரல. அவிய ரெண்டு வார்த்தை பேசுவாக. மாடு இல்லைன்னு சொன்னா, பொறவு எதுக்கு வாரேன்னு ஆயிரும்ல? ஒரு மாட்டுக்காரன் ஏட்டையா வீட்டுக்குச் சும்மா போயி நிக்க முடியுமா?"

"அரைச் செம்பு?"

"அரைச் செம்பு என்ன, வெறும் பானையை வச்சிருந்தாலும் வாரேன். அவியட்ட மட்டும் மாட்டு விசயத்தைச் சொல்லிராதீக."

சொல்ல மாட்டேன் என்றேன். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் தெரிந்தது. அன்றைக்கு வழுக்கி விழுந்த ஏட்டையாவைத் தூக்கி உட்கார வைத்ததே பேச்சிமுத்துதான். கொல்லைக் கதவில் நின்று கழனி என்று கூப்பிட்டும் சத்தம் வராமல் போகவே, உள்ளே ஓடியிருக்கிறார்.

திரும்பி வந்தேன். சாயங்காலம் மகள் போன் வந்தது. மறுபடியும் ஸ்பீக்கர். நான் நிதானமாகச் சொன்னேன். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. ஹோஸ் இருக்க வேண்டிய எடத்துல இல்ல. இப்ப வச்சாச்சு. இனி வடியும்."

"யாருண்ணே அதை எடுத்தது?"

நான் ஏட்டையாவைப் பார்த்தேன். இது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. மீசையைத் தடவினார். பிறகு போனருகே குனிந்தார்.

"நான்தாம்மா. பேச்சிமுத்துக்குக் கழனி வேணும்னு எடுத்தேன். அவன் வராமப் போயிட்டாம்மா. எனக்கு யாரும் இல்லாமப் போச்சு."

ஏட்டையா அதோடு விடவில்லை. "இன்னொண்ணும் சொல்லிருதேன். அன்னைக்கு நானா எந்திரிச்சேன்னு ஒன்ட்ட சொன்னது பொய்யி. என்னால எந்திரிக்க முடியல. அவன்தான் வந்து தூக்குனான்."

ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டார். கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டியாயிற்று என்றே நானும் நினைத்தேன். உண்மையைச் சொல்லித் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாரே மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்பா, அவரு தெனமும் வராரா?"

"தெனமும்."

"மழை பேஞ்சாலும்?"

"மழை பேஞ்சாலும் வருவான்."

"அவர் நம்பரைக் குடுங்கப்பா," என்றாள். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்ப்பா ஹோமுக்கு எடம் தேடப் போறேன்?"

போனை வைத்தாயிற்று. ஏட்டையா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பையைக் கட்டிக்கொண்டே, "பேச்சிமுத்துகிட்ட கேட்டுட்டேன். அரைச் செம்பே போதுமாம்," என்றேன்.

"போதாம என்ன? மாடு இல்லாதவனுக்கு அதுவே ஜாஸ்தி," என்றார்.

பை வாரை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன்.

"என்ன முழிக்கீரு? சட்டையில சாணி வாசம் நின்னு எம்புட்டுக் காலமாச்சு. போலீஸ்காரன் மூக்குய்யா இது."

"தெரிஞ்சேதான் பானையை ரொப்புனீகளா ஏட்டையா?"

"பானை நெறைய இருந்தாத்தான அவன் கூச்சப்படாம வருவான்? அரைச் செம்பைக் காட்டி வான்னா, எனக்கு விசயம் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுரும்லா. நீரு அவன்ட்ட ஒண்ணும் சொல்லிராதேயும்."

அவருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் நான் கொடுத்த உத்தரவாதங்களிலேயே இன்னும் காலாவதி ஆகாதவை அந்த இரண்டுதான். நீங்களும் அந்தப் பக்கம் போனால் உளறிவைக்காதீர்கள்.

வடியாத மெஷின் என்று கேட்டால் பம்புக்கு முன்னால் அடுப்படியைப் பாருங்கள். எத்தனை தட்டு என்று பாருங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று அந்த வீட்டு ஆளுக்கு ஓர் ஆசை இருக்கும், அதைக் கேளுங்கள். "செத்த இருங்க, காபி போடுதேன்" என்றால் அடுத்த கம்ப்ளைன்ட் இருக்கிறது என்று ஓடாதீர்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனை அடுப்படி, எத்தனை பேச்சு. அதெல்லாம் சம்பளத்தில் சேர்த்தி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது இங்கே சாயங்காலம் விளக்கைப் போட்டால், ஸ்விட்ச் சத்தம்தான் வீட்டில் பெரிய சத்தம்.

போன மாதம் பொறுக்க முடியாமல் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். ஏட்டையா வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்து தேர்தலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பானை, அதில் அரைச் செம்புத் தண்ணீர். பேச்சிமுத்து அதைக் கேனில் ஊற்றி, பெரிய சுமையைப் போல மொபெட்டில் வைத்துக் கட்டினார். ஏட்டையா அதை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வாரும். மெஷின் நல்லாத்தான ஓடுது? என்ன விசயமா வந்தீரு?"

"சர்வீஸ் தேதி வந்துட்டு ஏட்டையா, ஃபில்டரைப் பாக்கணும்," என்று சொல்லித் தோளில் கிடந்த பையைத் தட்டிக் காட்டினேன். ரிட்டயர் ஆனவனுக்கு ஏது சர்வீஸ் தேதி? ஏட்டையா என்னை மேலும் கீழும் பார்த்தார். பையையும் பார்த்தார்.

"ஆமா, பாக்கத்தான் செய்யணும்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சுவரோரம் கிடந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்து மேஜைப் பக்கம் போட்டார்.